நான்கு ஹஜ்ஜுகள் காத்திருந்த சொத்து



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால், தொழுகையைப் பற்றியது என்றோ மறுமையைப் பற்றியது என்றோதான் நம்மில் பலரும் எண்ணுவோம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் அது. தவணையிட்டுக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும்; எழுதுபவர் நீதியுடன் எழுத வேண்டும்; வாசகத்தைக் கடன்பட்டவரே சொல்ல வேண்டும்; அவர் இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும்; சாட்சிகள் வேண்டும்; தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையலாகாது. கைக்குக் கை முடிந்துவிடும் வியாபாரத்தில் மட்டுமே எழுதாமல் விடுவதற்குச் சலுகை உண்டு.

இவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்ட பின்னரும், "நமக்குள் எதற்கு எழுத்து?" என்ற சொல் நம் வீடுகளில் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. தந்தை உயிருடன் இருக்கும்வரை அச்சொல் பாசமாகத் தெரிகிறது. அவருடைய ஜனாஸா வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிறகு அதுவே பகையாக மாறுகிறது. இதை நம் முன்னோர் எவ்வாறு கையாண்டனர் என்பதை வரலாற்றிலிருந்து பார்ப்போம்.

ஸுபைர் (ரலி) அவர்களின் கடன்

ஹிஜ்ரி 36-ஆம் ஆண்டு. ஜமல் போர் நடந்த நாள். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அருகில் அழைத்தார்கள். அன்று தாம் கொல்லப்படலாம் என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்நேரத்தில் அவர்களை வருத்திய பெருங்கவலை கடன்தான். தம் சொத்தை விற்றுக் கடனை அடைக்குமாறும், எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத்தாக ஒதுக்குமாறும் சொன்னார்கள். கடனை அடைப்பதில் சிரமம் நேர்ந்தால் தம் எஜமானனிடம் உதவி கேட்குமாறும் சொன்னார்கள். "எஜமானன்" என்றது யாரை என்று மகன் கேட்டபோது, அல்லாஹ்வையே என்று பதில் வந்தது.

இவ்வளவு கடன் எப்படி வந்தது? மக்கள் தங்கள் பணத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்குமாறு அவர்களிடம் கொண்டுவருவார்கள். அமானிதமாக வைத்திருந்து அது தொலைந்துபோனால் கொடுத்தவருக்கு நட்டமாகிவிடும் என்று அஞ்சி, அதைத் தம் மீதான கடனாகவே ஏற்றுக்கொள்வார்கள். பிறருடைய பணத்திற்குத் தாமே பொறுப்பேற்ற பேணுதல் அது. ஸஹீஹுல் புகாரியில் வரும் அறிவிப்பின்படி, கணக்கிட்டபோது கடன் 22 லட்சமாக இருந்தது. ரொக்கம் எதுவும் இல்லை. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவிலும் எகிப்திலும் ஒவ்வொன்று, காபா என்னும் நிலம் ஆகியவையே இருந்தன. 1,70,000-க்கு வாங்கப்பட்ட அந்நிலம் 16 லட்சத்திற்கு விலைபோனது.

கடன் அடைந்ததும் வாரிசுகள் பாகம் பிரிக்கக் கேட்டார்கள். அது அவர்களுடைய உரிமைதான். ஆனால் அப்துல்லாஹ் (ரலி) உடனே சம்மதிக்கவில்லை. நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு ஹஜ் பருவத்திலும், தம் தந்தையிடமிருந்து கடன் வரவேண்டியவர்கள் யாரேனும் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளுமாறு அறிவித்தார்கள். பல நாடுகளிலிருந்தும் மக்கள் கூடுமிடம் ஹஜ் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டு, எஞ்சியது பங்கிடப்பட்டது. நான்கு மனைவியர் ஒவ்வொருவருக்கும் 12 லட்சம் கிடைத்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அடுத்து மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத், இறுதியாக வாரிசுகளின் பங்கு. இந்த வரிசை குலைந்தால் பங்கீடும் குலையும்.

ஒரு விதவையின் முறையீடு

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) ஷஹீதானார்கள். அவருடைய சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். அன்றைய வழக்கம் அப்படித்தான் இருந்தது. ஸஅதின் மனைவி தம் இரு பெண்மக்களை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அதன்பின் வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள்.

அந்தத் தாய் வாய்திறந்து கேட்டார். இன்று நம் சகோதரிகளில் எத்தனை பேர், "கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ" என்று அஞ்சி மௌனமாக இருக்கிறார்கள்!

வழக்கம் வென்ற காலம்

நம் நாட்டின் வரலாற்றிலும் இது நடந்தது. 1847-இல் பம்பாய் உச்சநீதிமன்றத்தில், கோஜா வணிகச் சமுதாயத்தைச் சேர்ந்த பெண்கள், திருக்குர்ஆன் விதித்தபடி தந்தையின் சொத்தில் பங்கு கேட்டு வழக்காடினர். மகள்களுக்குப் பங்கில்லை என்பதே அச்சமுதாயத்தின் வழக்கம் என்றும், அவ்வழக்கமே செல்லும் என்றும் நீதிபதி எர்ஸ்கின் பெர்ரி தீர்ப்பளித்தார். கச்சி மேமன் வணிகர்கள் விஷயத்திலும் அவ்வாறே முடிவானது.

இந்நிலை மாற நெடுங்காலம் ஆயிற்று. 1937-இல் ஷரீஅத் சட்டம் வந்து, வாரிசுரிமை, ஹிபா, மஹர் போன்றவற்றில் வழக்கத்திற்குப் பதில் ஷரீஅத்தே செல்லும் என்றது. கச்சி மேமன்களுக்கு 1938-இல் தனிச்சட்டம் வந்தது. ஆனால் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கையும் நீக்கியது. ஆகவே தமிழகத்தில் தந்தையின் வயலிலும் தோப்பிலும் மகளுக்குப் பங்கு உண்டு. சட்டம் திருந்திவிட்டது, வீட்டு வழக்கம் திருந்த வேண்டியதே பாக்கி.

இன்று நாம் செய்ய வேண்டியவை

தந்தையின் கடையில் மூத்த மகன் பதினைந்து வயது முதல் உழைக்கிறான். சம்பளமும் இல்லை, பங்கும் எழுதப்படவில்லை. தந்தை மறைந்ததும், "நான் வளர்த்த கடை" என்கிறான் அவன்; "வாப்பாவின் கடை" என்கின்றனர் மற்றவர்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாததால், கடை தந்தையின் சொத்தாகவே கருதப்பட்டு எல்லா வாரிசுகளுக்கும் போகும். தந்தை உயிருடன் இருக்கும்போதே மகனுக்குச் சம்பளமா, பங்கா என்று முடிவு செய்து எழுதியிருந்தால் அவனுக்கும் அநீதி இல்லை. அவன் தங்கைக்கும் அநீதி இல்லை.

கூட்டு வியாபாரம் செய்வோர் பார்ட்னர்ஷிப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையெனில் ஒரு பங்குதாரரின் மரணத்தோடு அந்நிறுவனம் கலைகிறது. மறைந்தவரின் பங்கு எப்படி மதிப்பிடப்படும், எவ்வளவு காலத்தில் வாரிசுகளுக்குக் கொடுக்கப்படும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

கொடுத்த கடனுக்கு எழுத்து வாங்குங்கள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கைக்கடனுக்கு வழக்குத் தொடரும் காலம் மூன்று ஆண்டுகளே. அதற்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் காலம் புதிதாகத் தொடங்கும். ஆனால் கடன் வாங்கியவர் ஒன்றை மறக்கலாகாது: காலம் கடந்தால் நீதிமன்றக் கதவுதான் மூடும், மறுமையின் கேள்வி மூடாது.

மகளுக்கோ மகனுக்கோ ஹிபா செய்வதானால், கொடுப்பதாகச் சொல்லுதல், பெறுபவர் ஏற்றல், சொத்தை ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். முஸ்லிம்களின் ஹிபாவுக்குப் பதிவுப் பத்திரம் கட்டாயமில்லை என்று 2011-இல் உச்சநீதிமன்றம் கூறியது. எனினும் பிற்காலச் சச்சரவைத் தடுக்கப் பதிவு செய்வதே நலம். பத்திரத்தைப் பதிந்துவிட்டுச் சொத்தைக் கடைசிவரை தம் கையிலேயே வைத்துக்கொண்டால் அந்த ஹிபா கேள்விக்குள்ளாகும்.

வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் அப்பணத்திற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர் அவர். வங்கி வைப்பு குறித்து 2010-இலும், நிறுவனப் பங்குகள் குறித்து 2023-இலும் உச்சநீதிமன்றம் இவ்வாறே தீர்ப்பளித்தது. ஆயுள் காப்பீட்டில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் விதியை மாற்றியிருப்பதால், அதை வழக்கறிஞரிடம் தனியே கேட்டறியுங்கள்.

மனைவிக்குத் தராமல் நிற்கும் மஹரும் கடன்தான். உதாரணமாக, ஒருவருக்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் மட்டுமே வாரிசுகள். அடக்கச் செலவு போகச் சொத்தின் மதிப்பு 46 லட்சம். வியாபாரக் கடன் 5 லட்சம். மஹர் பாக்கி 1 லட்சம். இவை போக மீதி 40 லட்சம். வஸிய்யத் இல்லையெனில், இதில் மனைவிக்கு 5 லட்சம், மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். மஹரைக் கடனாக எண்ணாமல் விட்டால், மனைவி தமக்கே உரிய பணத்தைப் பிறருக்குப் பங்கிட்டவராகிறார்.

அன்பர்களே! இவ்வாரம் ஒரு குறிப்பேட்டை எடுங்கள். யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும், மஹர் பாக்கி எவ்வளவு, பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று எழுதுங்கள். மனைவியிடமும் பிள்ளைகளிடமும் அதைக் காட்டுங்கள். பங்கு விவரத்தை ஓர் ஆலிமிடமும், பத்திர விவரத்தை ஒரு வழக்கறிஞரிடமும் சரிபாருங்கள்.

ஸுபைர் (ரலி) தம் மகனிடம் எதையும் மறைக்கவில்லை. அதனால்தான் அந்த மகனால் தந்தையைக் கடனிலிருந்து விடுவிக்க முடிந்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பை நாம் கொடுத்துச் செல்ல வேண்டும்.

பிறர் உரிமை நம் கழுத்தில் தொங்காத நிலையில் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.