இந்தியன் காப்பி ஹவுஸ் வளர்ந்த வரலாறு

நீங்கள் கேரள மாநிலத்தின் நகரங்களுக்குச் சென்றதுண்டாயின், அங்கே ஒரு வகை உணவு விடுதியைக் கண்டிருப்பீர்கள். பணியாளர்கள் வெள்ளைச் சீருடை அணிந்திருப்பார்கள். தலையிலே விசிறிபோல் மடித்து நிமிர்த்திய தலைப்பாகை இருக்கும். இந்தியன் காப்பி ஹவுஸ் என்பது அதன் பெயர். அந்தத் தலைப்பாகையைக் கண்டவுடன், பழைய சமஸ்தானத்து விருந்து மாளிகை ஒன்றின் மிச்சம் போலும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. நம் முன் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் செல்கிறாரே, அவர் அந்த நிலையத்தின் உடைமையாளர்களுள் ஒருவராக இருக்கக்கூடும். அவருக்கு மேலே முதலாளி என்று தனியாக ஒருவர் இல்லை. இந்த நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதையே இன்று காண இருக்கிறோம்.

காப்பிச் செடி நம் நாட்டுக்குப் புதியது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்னும் இஸ்லாமியப் பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூரை அடுத்த மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அது நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் முதலிய மலைகளில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களை அமைத்தனர். விளைந்த காப்பியில் பெரும்பகுதி கப்பலேறி அயல்நாடு சென்றது. விலையை உறுதி செய்தவை அயல்நாட்டுச் சந்தைகளே. எனவே 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் காப்பி விலையையும் வீழ்த்தியபோது, தோட்டக்காரர்கள் திகைத்து நின்றார்கள்.

அப்பொழுதுதான் ஓர் உண்மை அவர்களுக்குப் புலப்பட்டது. விளைவது இந்தியாவில், ஆனால் இந்தியரில் மிகப் பெரும்பாலோர் காப்பியின் சுவையையே அறியாதவர்கள். தென்னாட்டில் அறிந்திருந்தோம். வடக்கேயும் கிழக்கேயும் தேநீரின் ஆட்சியே நடந்தது. உள்நாட்டிலேயே காப்பி குடிப்போரைப் பெருக்கினால் என்ன என்று எண்ணினார்கள். 1935-இல் இந்தியக் காப்பித் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டது. அத்தீர்வைப் பணத்தைக் கொண்டு காப்பியைப் பரப்புவதற்கென ஒரு குழு அமைந்தது. அக்குழு கண்ட வழிகளுள் ஒன்று, நல்ல காப்பியைத் தக்க முறையில் தயாரித்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் மாதிரி விடுதிகளைத் தானே நடத்துவது. 1936-இல் பம்பாய் நகரில் சர்ச்கேட் பகுதியில் முதல் விடுதி திறக்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'இந்தியா காப்பி ஹவுஸ்'. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதில் ஓர் எழுத்து கூடப்போகிறது. அந்த ஓர் எழுத்தில் ஒரு பெரிய மாறுதல் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பியச் சந்தைகள் அடைபட்டன. ஏற்றுமதியை நம்பியிருந்த காப்பி தேங்கியது. அரசாங்கம் தலையிட்டு, 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி காப்பி வாரியத்தை நிலைபெறச் செய்தது. விடுதிகளும் வாரியத்தின் பொறுப்பில் வளர்ந்தன. 1940-களில் நாடெங்கும் ஏறத்தாழ ஐம்பது விடுதிகள் இருந்தன. கல்கத்தாவில் கல்லூரித் தெருவில், 1876-இல் தோன்றிய ஆல்பர்ட் மண்டபத்தில், 1942-இல் ஒரு விடுதி அமைந்தது. எதிரே பிரசிடென்சிக் கல்லூரி, அருகே பல்கலைக்கழகம், சுற்றிலும் புத்தகக் கடைகள். மாணவர்களும் பேராசிரியர்களும் கவிஞர்களும் அங்கே மணிக்கணக்காக அமர்ந்து வாதிட்டார்கள். காப்பியைப் பரப்ப வைத்த கடை, கருத்தைப் பரப்பும் இடமாயிற்று. தீர்வைக் குழுவினர் இதை எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயமே!

இங்கே நம் பக்கத்தையும் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது. அந்நாளில் தமிழ்நாட்டுக் காப்பி கிளப்புகள் பலவற்றில் ஒரு சாதியார் அமர்ந்து உண்ண ஓரிடமும் மற்றையோருக்கு வேறிடமும் என்று பகுத்திருந்தார்கள். அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் கிளர்ச்சி நடந்தது. காப்பிக் கோப்பை சிறியதுதான். ஆனால் யாரோடு யார் அமர்ந்து அதை அருந்தலாம் என்ற கேள்வி சிறியதன்று.

நாடு விடுதலை அடைந்த பின், 1950-களின் நடுவில் வாரியத்தின் கொள்கை மாறியது. விடுதிகளை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. ஏட்டில் எழுதினால் ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியில் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணையும் என்பதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சமையற்காரர், பரிமாறுவோர், பாத்திரம் துலக்குவோர் ஆகிய இவர்கள் கற்ற தொழில் வேறில்லை. தங்களுக்கென ஒரு தொழிற்சங்கத்தை மட்டும் அவர்கள் வைத்திருந்தார்கள்.

அவர்களுக்கு வழிகாட்டியவர் ஏ. கே. கோபாலன். வடமலபாரில் 1904-இல் பிறந்து, சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்து, பின் நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டவர். (ஆசிரியத் தொழிலிலிருந்து சென்றவர் என்பதனால் எனக்கு அவர்மீது ஒரு தனிப் பற்று உண்டு, அதை மறைப்பானேன்.) 1936-இல் வேலையின்மையையும் பசியையும் எடுத்துக்காட்டக் கண்ணூரிலிருந்து சென்னை நோக்கிப் பட்டினி ஊர்வலம் ஒன்றை நடத்திச் சென்றார். அந்நாளில் மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆதலால் அவருடைய போராட்டங்கள் நம் வரலாற்றிலும் இடம்பெற்றவையே. பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். அவருடைய கட்சியின் கொள்கையை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலாளருக்கு அவர் காட்டிய வழி, வேலைநிறுத்தத்தோடு நின்றுவிடுவதன்று. "மூடாதே" என்று கேட்பதைவிட, "நாங்களே நடத்துகிறோம்" என்று முன்வருவதே அவ்வழி. அதற்கான கருவி கூட்டுறவு.

கூட்டுறவு என்பதைப் பற்றி இங்கே சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் கரும்பலகையில் இந்தப் பாடத்தை எழுதிக் கற்பித்தவன் என்ற முறையில், மாணவர்கள் இதில் எங்கே குழம்புவார்கள் என்பதை நான் அறிவேன். கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் ஒரே வகை என்று எண்ணிவிடுகிறார்கள். 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் தொடங்கியது ஒரு பண்டகசாலை. சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அத்தகையதே. அங்கே பொருள் வாங்குவோரே உறுப்பினர். உழவர்களுக்குக் கடன் தரும் சங்கத்தில் கடன் பெறுவோரே உறுப்பினர். காப்பி ஹவுஸில் அவ்வாறன்று. அங்கே வேலை செய்வோரே உறுப்பினர். பங்கு வாங்கி உறுப்பினரான ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. சமையற்கட்டில் இருப்பவருக்கும் ஒன்றுதான். கணக்கெழுதும் மேசையில் இருப்பவருக்கும் ஒன்றுதான். அவர்கள் வாக்களித்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அக்குழு அவர்களுக்கே ஆணையிடுகிறது.

கூட்டுறவு வகைகளிலே மிகக் கடினமானது இதுதான் என்பது என் கருத்து. பண்டகசாலையில் உறுப்பினர் மாதத்தில் ஓரிரு முறை வந்து சர்க்கரையும் அரிசியும் வாங்கிச் செல்வார், அவ்வளவே. தொழிலாளர் கூட்டுறவிலோ, கண்டிக்க வேண்டியவர் ஒருவர், கண்டிக்கப்பட வேண்டியவர் ஒருவர், இருவரும் ஒரே சங்கத்து உறுப்பினர்கள். தம்மைத் தேர்ந்தெடுத்தவரையே "காலத்தில் வா" என்று சொல்ல வேண்டும். கூலி கூட வேண்டும் என்ற ஆசையும், கடையின் கையிருப்புக் குறையக்கூடாது என்ற கவலையும் ஒரே மனிதரின் நெஞ்சில் இருக்கும். இத்தகைய சங்கங்கள் பல தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கலைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பணமன்று, இந்த உள்முரண்பாடே.

இனி நடந்தவற்றைப் பார்ப்போம். 1957 ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் முதலாவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் தில்லியில் தொழிலாளர்கள் தாங்களே நடத்தும் விடுதியைத் திறந்தார்கள். 'இந்தியா காப்பி ஹவுஸ்' என்பது 'இந்தியன் காப்பி ஹவுஸ்' ஆனது. கூடிய எழுத்து ஒன்றுதான். கல்கத்தாவில் 1958-இல் கல்லூரித் தெரு விடுதி மூடப்பட்டபோது, பிரசிடென்சிக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பேராசிரியர்கள் அதைத் திறக்குமாறு வேண்டுகோள் விடுத்தனர். அவ்வாண்டிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. காப்பிக் கடைக்காகப் பேராசிரியர்கள் கையெழுத்திட்டதை வேறு எங்கும் நான் படித்ததில்லை!

ஆயினும் இந்த மரம் ஆழமாக வேர்விட்டது கேரளத்தில்தான். 1956 நவம்பரில் மொழிவழி மாநிலமாகக் கேரளம் அமைந்திருந்தது. 1958 பிப்ரவரியில் திருச்சூரில் சங்கம் பதிவாயிற்று. அடுத்த மாதம், மார்ச்சு 8-ஆம் நாள், திருச்சூரில் முதல் விடுதியை ஏ. கே. கோபாலன் திறந்து வைத்தார். அச்சங்கத்தின் முதல் செயலாளர் என். எஸ். பரமேசுவரன் பிள்ளை. அவரும் வேலையிழந்த தொழிலாளருள் ஒருவரே. 'காப்பி ஹவுஸ் பிள்ளை' என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். இந்த நிறுவனம் பிறந்து வளர்ந்த கதையைப் பிற்காலத்தில் மலையாளத்தில் ஒரு நூலாகவும் எழுதினார். வடக்கே கண்ணூரில் அதே ஆண்டு வேறொரு சங்கம் அமைந்தது; அதன் முதல் விடுதி 1958 ஆகஸ்டில் தலைச்சேரியில் திறக்கப்பட்டது. தென் மாவட்டங்கள் திருச்சூர்ச் சங்கத்துக்கும், வட மாவட்டங்கள் கண்ணூர்ச் சங்கத்துக்கும் என்று அமைந்தது. இரண்டும் சேர்ந்து இன்று ஐம்பதுக்கு மேற்பட்ட விடுதிகளை நடத்துகின்றன.

அவை வளர்ந்த முறையைக் கவனிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையத்தின் சுற்றுப்புறம் என, கையில் பணம் குறைவாகவும் மனத்தில் கவலை மிகுதியாகவும் உள்ள மக்கள் கூடும் இடங்களில் விடுதிகள் அமைந்தன. விலை மலிவாக இருக்கும். பரிமாறும் முறையில் மட்டும் மலிவு தெரியாது. நோயாளிக்குத் துணையாகக் கிராமத்திலிருந்து வந்தவரும், வழக்கறிஞரும், மாணவரும் ஒரே வகை வெள்ளைக் கோப்பையில் ஒரே காப்பியை அருந்துகிறார்கள். தலைப்பாகை அணிந்தவர் மூவருக்கும் ஒரே பணிவோடு பரிமாறுகிறார். உணவில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே மசாலா தோசையைப் பிரித்தால் உள்ளே செக்கச் செவேலென்று பீட்ரூட் கிழங்கு இருக்கும். நம்மவர் முதன்முறை திடுக்கிடுவார்கள். கட்லெட்டும் அதே நிறந்தான். உருளைக்கிழங்கு மசாலாவுக்குப் பழகிய நாக்குடைய நான் இன்னும் அதனோடு சமாதானம் ஆகவில்லை என்றாலும், கேரளத்தார் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தருகே உள்ள விடுதியை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அதன் கட்டடத்தை அமைத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1917-இல் பிறந்து, இந்தியாவையே தாயகமாகக் கொண்டு, குறைந்த செலவில் வீடு கட்டும் கலையைக் கேரளத்தில் பரப்பியவர். நிலமோ சிறியது. அவர் அதில் மாடிமேல் மாடி அடுக்கவில்லை. சங்கு சுழல்வதுபோல் மேல்நோக்கிச் சுற்றிச் செல்லும் ஒரே சரிவுப் பாதையாகக் கட்டடத்தையே ஆக்கிவிட்டார். வெளிச்சுவர் ஓரமாக மேசைகளும் இருக்கைகளும் வரிசையாக ஏறிக்கொண்டே போகின்றன. சுவர் முழுதும் செங்கல். இடையிடையே விட்ட துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. பரிமாறுபவர் தட்டுடன் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார் என்று கணக்கிடும்படி நம் கணித மாணவர்களைக் கேட்கலாம்!

வளர்ச்சியை மட்டும் சொல்லித் தளர்ச்சியை மறைத்தால் அது வரலாறாகாது. தில்லியின் நடுவே கன்னாட் பிளேஸில் இருந்த விடுதி, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல் இடிக்கப்பட்டது. பிறகு மோகன்சிங் பிளேஸ் கட்டடத்தின் மாடிக்குச் சென்றது. பெங்களூரில் மகாத்மா காந்தி சாலையில் அரை நூற்றாண்டு நடந்த விடுதி, 2009-இல் அவ்விடத்தைக் காலி செ்ய நேர்ந்து, அருகேயுள்ள சர்ச் தெருவுக்கு மாறியது. உழைப்பு தொழிலாளருடையது, பாத்திரம் அவர்களுடையது, பெயரும் அவர்களுடையது. மண் மட்டும் வேறொருவருடையது. நகரத்து மண்ணின் விலை ஏறும்போது, மலிவு விலைக் காப்பி அதற்கு ஈடு கொடுக்க இயலுவதில்லை. 1996-இல் அதே பெங்களூரிலிருந்து தனியார் காப்பிக் கடைத் தொடர் ஒன்று கிளம்பி நாடெங்கும் பரவியது. குளிர்சாதன அறை, மெத்தை இருக்கை, பன்மடங்கு விலை என்று வந்த அக்கடைகளுக்கு இளைஞரில் ஒரு பகுதியினர் சென்றார்கள். 2020-இல் கொள்ளைநோயால் நாடே கதவடைத்தபோது, பெரிய முதலின்றி நடக்கும் இச்சங்கங்கள் அனைத்துக்கும் கடுமையான சோதனை வந்தது.

கேரளத்து விடுதிகள் அதையும் கடந்து நடக்கின்றன. காப்பி வாரியம் தன் விடுதிகளைக் கைவிட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. வேலையிழந்து நின்ற அந்த முதல் தலைமுறையினர் எவரும் இன்று அங்கே தட்டு ஏந்தவில்லை. அவர்கள் வாங்கிய பங்கின் வழியே, பின்னால் வந்தவர்கள் ஆண்டுதோறும் பேரவையில் கூடி, தங்கள் கணக்கைத் தாங்களே கேட்டு வருகிறார்கள்.