படம் எப்படி?

மயிலாப்பூரில் அபிப்பிராயம் இல்லாத மனிதர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கச்சேரியைப் பற்றி, கத்தரிக்காயைப் பற்றி, அறுபத்துமூவர் உற்சவத்தின் கூட்டத்தைப் பற்றி எல்லோரிடமும் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். சினிமா என்று வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். கபாலி டாக்கீஸில் மாலைக் காட்சி விட்டதும், இரவுக் காட்சிக்கு வரிசையில் நிற்பவர்கள் வெளியே வருகிறவர்களைப் பார்த்து, "படம் எப்படி?" என்று கேட்பார்கள். உதட்டைப் பிதுக்கினால் ஒரு பதில். தலையை ஆட்டினால் வேறு பதில். அந்த ஒரு நொடியில், முகமறியாத ஒரு தயாரிப்பாளரின் வீடும் வாசலும் தங்குமா போகுமா என்பது தீர்மானமாகிவிடும்.

கபாலி டாக்கீஸ் இன்று இல்லை. காமதேனுவும் இல்லை, பாண்டி பஜார் ராஜகுமாரியும் இல்லை. கட்டடங்கள் போனது ஒருபுறம் இருக்கட்டும். அந்த வாசல்களில் சொல்லப்பட்ட அபிப்பிராயங்கள் எல்லாம் எங்கே போயின? படம் எடுத்தவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். பார்த்தவர்களுக்கு யார் எழுதினார்கள்?

பார்த்தவர்களின் கருத்தை முதன்முதலில் ஊர் ஊராகப் போய்க் கேட்டது, யார் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நாம் நினைப்போமோ அந்த வெள்ளைக்கார சர்க்கார்தான்! 1927-ல் அவர்கள் சினிமாவுக்காக ஒரு விசாரணைக் கமிட்டி போட்டார்கள். தலைவர் நம் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 4,325 கேள்வித்தாள்கள் அனுப்பப்பட்டன. 353 சாட்சிகள் நேரில் விசாரிக்கப்பட்டார்கள். இவ்வளவு சிரத்தை ஏன் என்று கேட்டால், காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. அன்று இந்தியாவில் ஓடியவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் படங்கள். அவற்றில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் முத்தம் கொடுப்பதையும் மது அருந்துவதையும் பார்த்துவிட்டு, இந்தியப் பிரஜைகள் ஆளும் இனத்தின் மேல் வைத்திருக்கும் மரியாதையை இழந்துவிடுவார்களோ என்று துரைமார்களுக்குக் கவலை. அமெரிக்கப் படத்துக்குப் பதிலாக சாம்ராஜ்யத்துப் படங்களை உள்ளே விடலாமா என்பது கவலைக்குப் பின்னால் இருந்த வியாபாரம்.

ஆனால் கேட்டது யாரை? வக்கீல்களை, ஆசிரியர்களை, அதிகாரிகளை, படத் தொழில் செய்பவர்களை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவனைப் பற்றி மேல் வகுப்புக்காரர்கள் சாட்சி சொன்னார்கள். அவனைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. காந்தியடிகளுக்கும் ஒரு கேள்வித்தாள் போயிற்று. தாம் சினிமாவுக்குப் போனதே இல்லை என்று பதில் எழுதினார். அதன் தீமை வெளியில் நிற்பவனுக்கே தெரியும் என்பதும் அவர் கட்சி. (அவர் 'ராம ராஜ்யம்' என்ற படத்தைப் பார்த்தது 1944-ல்.) ரங்காச்சாரியார் லேசானவர் அல்ல. சாம்ராஜ்யப் படங்களுக்குச் சலுகை தேவையில்லை, இந்தியப் படத் தொழிலுக்குத்தான் உதவி வேண்டும் என்ற பக்கமே அறிக்கை சாய்ந்தது. கமிட்டியிலிருந்த மூன்று வெள்ளைக்கார அங்கத்தினர்களும் தனியாக மாற்றுக் கருத்து எழுதி வைத்தார்கள். 1928-ல் வந்த அந்த அறிக்கையை சர்க்கார் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது. தாங்கள் எதிர்பார்த்த அபிப்பிராயம் வராவிட்டால் வேறு என்ன செய்வார்கள்?

அடுத்தபடியாக அபிப்பிராயத்தைக் கையில் எடுத்துக்கொண்டது பத்திரிகை. 'ஆனந்த விகட'னில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியை வாசகர்கள் அறிவார்கள். 1935-ல் 'பக்த நந்தனார்' வந்தது. நந்தனாராக நடித்த கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று நாடே பேசியது. அன்றைய ஒரு லட்சம்! வேதியராக நடித்தவரோ மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இரண்டு சங்கீத மலைகள். கல்கி படத்தைப் பார்த்துவிட்டு, அதில் மரமும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்கிற ரீதியில் எழுதினார். தமிழ்நாட்டில் லட்ச ரூபாய்க்கு எதிராக ஒரு பேனா நின்றது அதுதான் முதல் தடவை என்பது என் எண்ணம்.

அப்படி எழுதியவரே பிறகு சினிமாவுக்குக் கதை எழுதினார். 1939-ல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'தியாக பூமி'யின் கதை, படத்தின் புகைப்படங்களுடனேயே விகடனில் தொடராக வந்தது. படம் பார்க்கும் முன்பே ஜனங்கள் அபிப்பிராயம் வைத்திருந்தார்கள் என்பது அதனால்தான். பிறகு சர்க்காரும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிற்று: படத்துக்குத் தடை.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 1953-ஆம் வருஷத்தது. ஜெமினி வாசன் 'ஔவையார்' எடுத்தார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கம், மறுபடியும் சுந்தராம்பாள். பிரம்மாண்டமான படம். டி.கே.சி. புகழ்ந்தார். நந்தனாரை அந்தப் பாடு படுத்திய கல்கியும் புகழ்ந்தார். அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல்மந்திரி ராஜாஜி. சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர். அவரும் போய்ப் பார்த்தார். அவருக்குப் படம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இடியும் மேகமும், யானைக் கூட்டமும், ஓயாத கூச்சலும் அவர் மனத்தைத் தொடவில்லை. நண்பர்கள் ஏன் இப்படி அளவு மீறிப் புகழ்ந்தார்கள் என்பதே அவருக்கு வியப்பு. இதை எங்கே சொன்னார்? மேடையில் அல்ல, பத்திரிகையில் அல்ல. தம் டைரியில் எழுதி மூடி வைத்துவிட்டார்! வெகு காலம் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது.

ராஜாஜியைவிட ஒளிவுமறைவில்லாமல் பேசியவர் அந்தக் காலத்தில் யார்? எந்தத் தலைவரையும் முகத்துக்கு நேரே மறுத்தவர். அவருக்கே ஒரு சினிமா விஷயத்தில் வாய் திறப்பது சங்கடமாக இருந்திருக்கிறது. வாசன் நண்பர், கல்கி சிஷ்யர், முதல்மந்திரி ஒரு வார்த்தை சொன்னால் ஒரு படமே கவிழும். அவர் மௌனத்தில் தாட்சண்யம் இருந்தது, பொறுப்பும் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு சின்னக் குறை. கல்கியின் புகழ்மொழியும் ராஜாஜியின் டைரிப் பக்கமும் ஒரே வாரத்தில் அருகருகே அச்சாகியிருந்தால், தமிழில் விமரிசனக் கலை பத்து வருஷம் முன்னால் போயிருக்கும்.

பிற்பாடு விகடன் படங்களுக்கு மார்க்குப் போட ஆரம்பித்தது. 1977-ல் '16 வயதினிலே' 62.5 மார்க்கு வாங்கியது. அந்த அரை மார்க்கை எப்படிக் கணக்குப் பார்த்தார்களோ, பள்ளிக்கூட வாத்தியார்களே அறியாத ரகசியம் அது.

இனி டெலிவிஷனுக்கு வருகிறேன். 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பமாயிற்று. தெருவுக்கு ஒரு வீட்டில் பெட்டி. மற்ற வீட்டார் எல்லாரும் அந்த வீட்டுக் கூடத்தில். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். இவற்றோடு 'எதிரொலி' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. நேயர்கள் எழுதிய கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு நிலையத்தின் பொறுப்பாளரே பதில் சொல்வார். ஏ. நடராஜன் அமைதியாகப் பதில் சொன்ன விதம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒருவர் உட்கார்ந்து கடிதம் படிக்கிறார். அதை ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்தார்கள்! காரணம் எளிது. தரை டிக்கெட்டுக்காரனை ரங்காச்சாரியார் கமிட்டி கேட்கவில்லை. இங்கே 15 பைசாக் கார்டு வாங்க முடிந்த எவரையும் சர்க்கார் நிலையம் கேட்டது.

மந்தைவெளியில் இருந்த என் அத்தை அந்தக் கார்டுக்காரர்களில் ஒருத்தி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாடகத்தில் மாமியார் கட்டியிருந்த புடவையின் கட்டு தப்பு என்பது வரை எழுதுவாள். ஒருநாள் அவள் கார்டு வாசிக்கப்பட்டது. பேர் வரவில்லை, ஊர்தான் வந்தது. "மந்தைவெளியில் வேறு பேரே கார்டு எழுதமாட்டார்களா, மாமி?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டுவிட்டாள். அத்தை அவளோடு ஒரு மாசம் பேசவில்லை. பிறகு எழுதும் கார்டையெல்லாம் அஞ்சலில் சேர்க்கும் முன் அவளிடம் காட்டிவிட்டுத்தான் சேர்த்தாள்.

1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது; சானல்கள் பெருகின. பிடிக்காவிட்டால் கார்டு எழுத வேண்டியதில்லை, பொத்தானை அமுக்கினால் போதும் என்றாயிற்று. அதுவும் அபிப்பிராயம்தான், ஆனால் அதில் காரணம் இராது. புடவைக் கட்டைப் பற்றி பொத்தானுக்கு என்ன தெரியும்?

இப்போது கைபேசியுடன் தியேட்டர் வாசலில் இளைஞர்கள் நிற்கிறார்கள். முதல் காட்சி விட்டதும் "படம் எப்படி?" கேட்கிறார்கள், பதில் ஒரு மணி நேரத்தில் உலகெங்கும் போய்விடுகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளிவந்தபோது விழுந்த அடியைப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் கலங்கிப்போனார்கள். இவர்களைத் தியேட்டருக்குள் விடக்கூடாது என்று அறிக்கை விட்டார்கள். படம் வெளியாகி மூன்று நாளைக்கு யாரும் விமரிசனம் போடக்கூடாது என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அவர்கள் பயம் பொய்யல்ல. காசு வாங்கிக்கொண்டு திட்டுகிறவர்களும் காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆனால் அவர்களைத் தடுப்பதற்காக, சொந்தக் காசில் டிக்கெட் வாங்கியவனையும் சேர்த்து வாயடைக்கச் சொன்னால் என்ன நியாயம்? கருத்துச் சொல்வது உரிமை என்று கூறி, அந்த டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது.

தடை வந்திருந்தாலும் மயிலாப்பூரில் அமல் செய்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். உதட்டைப் பிதுக்கியவர்கள் மேலெல்லாம் வழக்குப் போட வேண்டியிருக்கும்; சாட்சி சொல்ல வருகிறவரிடமும் அந்தப் படத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும்.