மிச்சமான நேரம்

வாராவாரம் ஐஐஎம் நுழைவுத்தேர்வுக்கு மாதிரித் தேர்வு எழுதிட்டிருக்கேன். மூணு பகுதி, தலா 40 நிமிஷம். ஒண்ணுல மிச்சமாகுற நேரத்தை இன்னொண்ணுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. ஆங்கிலத்துல மூச்சு முட்டும்போதெல்லாம் எங்க ஊர் ராமானுஜன் ஞாபகம்தான்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல கணக்குப் பரீட்சையைப் பாதி நேரத்துலயே முடிச்சுடுவாராம் மனுஷன். ஆனா எஃப்.ஏ.வில் பாடத்துக்குப் பாடம் தேறியாகணும். 1904-ல் உதவித்தொகையோட காவிரிக்கரை அரசு கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்துல கோட்டை விட்டதுல உதவித்தொகை போச்சு. 1905-ல் வீட்டைவிட்டே ஓடினார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி எஃப்.ஏ.; இந்தத் தடவை கவிழ்த்தது உடலியல். 1907-லும் தேறலை. கணக்குல மிச்சமான நேரத்தை உடலியல் பரீட்சையில் செலவழிக்கவா முடியும்?

கல்விமுறை மேதையை மதிக்கலைன்னு திட்டுறது சுலபம். எனக்கென்னவோ அவருக்கு நேரம் பத்தாமப் போனது பரீட்சை ஹால்ல இல்ல, சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டுலன்னு தோணுது. அங்கே இருந்த நேரத்தையெல்லாம் கணக்கே தின்னுடுச்சு.

1916-ல் கேம்பிரிட்ஜ் அவரோட ஆய்வுக்காகவே பி.ஏ. கொடுத்தது. எனக்கு அந்த வழி இல்லீங்க. வர்ற ஞாயிறு வரைக்கும் கணக்குப் புத்தகத்தைத் தொடப்போறதில்ல, வெறும் ஆங்கிலம்தான்.