நெட்டித் தொப்பியும் வெயிலும்

எங்கள் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளியில் வெயிலின் தொல்லைக்கு இரண்டு சொற்கள் சொல்லிக் கொடுப்பார்கள். தோல் சிவந்து எரிந்தால் 'கூ த சொலேய்'. உடம்பு சூடேறி மயக்கம் போட்டு விழுந்தால் 'அன்சொலாசியோன்'. ஒன்று தோலின் காயம், மற்றது உடல் சூட்டின் விபத்து. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் வெள்ளைக்காரர்களுக்கு நூறு வருடம் ஒரு தொப்பி தேவைப்பட்டது.

அந்தத் தொப்பியைப் பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் சோலா தொப்பி என்றார்கள், பிரெஞ்சுக்காரர் காஸ்க் கொலொனியால் என்றார்கள். பார்வைக்கு இரும்புக் கவசம் போல இருந்தாலும் உள்ளே இருப்பது நம் குளம் குட்டைகளில் வளரும் நெட்டிதான். தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செய்கிறார்களே, அதே நெட்டி. தண்டைத் தாள் போலச் சீவி, அச்சின் மேல் ஒட்டி, துணி போர்த்தி முடிப்பார்கள். எடை அதிகமில்லை, காற்று போகவும் வழி உண்டு.

தொப்பி நல்ல தொப்பிதான். அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. வெப்பநாட்டு வெயிலில் ஒரு விசேஷக் கதிர் உண்டு, அது மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்கும் என்று பெரிய டாக்டர்களே எழுதினார்கள். முதுகெலும்புக்குத் தனியாகத் துணிப்பட்டை கட்டினார்கள். 1900க்குப் பிறகு பிலிப்பைன்சில் அமெரிக்கப் படையினர் சிப்பாய்களுக்கு ஆரஞ்சுச் சிவப்பு உள்ளாடை போட்டுக்கூடச் சோதித்தார்கள். பலன் ஒன்றுமில்லை, புழுக்கம்தான் மிச்சம். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் சாதாரணத் தொப்பியோடு இதே வெயிலில் திரிந்து நன்றாகத்தான் இருந்தார்கள். அதோடு நெட்டித் தொப்பியின் மவுசு போயிற்று.

உண்மையில் தோலைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். 1801இல் ஜெர்மனியின் ரிட்டர் அதைக் கண்டுபிடித்தார். 1820இல் எவரார்ட் ஹோம் என்ற ஆங்கில மருத்துவர் தன் உடம்பிலேயே சோதனை செய்தார். ஒரு கையைக் கறுப்புத் துணியால் மூடி, மற்றதைத் திறந்து வைத்து வெயிலில் காட்டினார். மூடிய கைதான் அதிகமாகச் சூடானது. ஆனால் கொப்புளம் போட்டது திறந்திருந்த கை. சூடு வேறு, தோலைச் சுடும் கதிர் வேறு என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1907 வாக்கில் பொர்தோ நகரத்துத் தோல் மருத்துவர் துய்ப்ரேய், திராட்சைத் தோட்டத் தொழிலாளிகளின் முகத்திலும் கையிலும் வரும் தோல் புற்றுநோய்க்கு வெயிலே காரணம் என்று எழுதினார்.

விந்தை என்னவென்றால், 1936இல் பிரான்சில் தொழிலாளிகளுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாகி ஜனங்கள் கடற்கரைக்குக் கிளம்பியபோது, அதே வெயிலில் படுத்து மேனியைக் கறுக்க வைப்பது நாகரிகமாகியிருந்தது. வயலில் கறுத்தால் ஏழை, கடற்கரையில் கறுத்தால் சீமான்!

வெயிலுக்கு மறைத்துக்கொள்வதிலும் எப்போதும் அந்தஸ்து கலந்தே இருந்தது. புதுச்சேரியில் தோப்பாசு என்ற ஒரு வகுப்பாரையே பிரெஞ்சுக்காரர் 'தொப்பிக்காரர்' என்று பதிந்து வைத்தார்கள். திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட மக்கள் குடை பிடிக்கக்கூடத் தடை இருந்தது. வெயிலில் அதிகம் நின்றவனுக்கே நிழல் மறுக்கப்பட்டது.

நம் கறுப்புத் தோலுக்கு இயற்கை ஓரளவு காப்பு கொடுத்திருக்கிறது, அதனால் தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு. ஆனால் முழுக் காப்பு அல்ல. மங்கும் சுருக்கமும் வரும். கண்ணில் புரை விழுவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். நம் போலீஸ்காரரின் சிவப்புக் கேப்பி பார்க்க அழகு. ஆனால் விளிம்பு முன்னால் மட்டும்தான், காதும் பிடரியும் வெயிலில். அதைவிட, புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிக் களை எடுக்கிறாளே நம் கிராமத்துப் பெண், அவள் பாதுகாப்பு மேல். எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

வாழ்நாள் முழுதும் மின்விசிறிக்குக் கீழே கோப்பு எழுதியவன் நான். எனக்கு உபதேசம் செய்ய அதிக உரிமை இல்லை. ஆனாலும் நம் வயதினருக்கு ஒரு வார்த்தை. பத்து மணிக்கு மேல் நான்கு மணி வரை வெளியே போனால் குடை எடுங்கள், கூச்சம் வேண்டாம். ஆறாத புண்ணோ, உருமாறும் மச்சமோ தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டுகிறவர்களுக்குத் தண்ணீரோடு கொஞ்சம் நிழலும் கொடுங்கள். குடை பிடிக்க இன்று யாருக்கும் தடையில்லை. ஆனால் மண்வெட்டி பிடித்த கையால் குடை பிடிக்க முடியாதே.