கொடைக்கானலை அடிவாரத்திலிருந்து பார்த்தால்

மாங்காய் பறிப்பு முடிஞ்சு தோப்பில் வேலை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சதை இன்னைக்கு எழுதிடறேன்.

நான் இருக்கிறது பெரியகுளம் பக்கம், மலையடிவாரம். தோட்டத்தில் நின்னு வடக்கே நிமிர்ந்தா கொடைக்கானல் மலைதான். 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் வந்ததிலிருந்து வெளியூர்ச் சொந்தக்காரங்க யார் வந்தாலும் முதல் கேள்வி குணா குகைக்கு எப்படிப் போறதுங்கிறதுதான். அந்தக் குகைக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேர் சாத்தானின் சமையலறை. 1991-ல் கமல் படம் வந்த பிறகு குணா குகை ஆயிடுச்சு. பக்கத்திலேயே தூண் பாறை, மூணு பாறை வரிசையா 400 அடி உயரம் நிக்கும். மேகம் வந்தா ஒண்ணும் தெரியாது, பத்து நிமிஷம் காத்திருந்தா திரை விலகின மாதிரி தெரியும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரம். நான் சொல்ல வந்தது வேற. அந்த இடங்களுக்கெல்லாம் மனுஷன் முதல்ல எப்படி ஏறினான், யார் தோள் மேல ஏறினான்கிற கதை.

மலையில் ஆள் இல்லாத காலம்னு ஒண்ணு கிடையாது. பளியர்கள் காலங்காலமா அங்கதான் இருக்காங்க. தாண்டிக்குடி பக்கம் பெரிய பெரிய பலகைக்கல்லை நிறுத்தி மேலே மூடின கல்திட்டைகள் இருக்கு, பெருங்கற்காலத்து ஆட்கள் போட்டது. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி எல்லாம் கொடைக்கானல் டவுனுக்கு முந்தின விவசாயக் கிராமங்கள். ஆனா புத்தகத்தில் கதை தொடங்கறது 1821-ல், வார்டு என்கிற ஆங்கிலேய சர்வே அதிகாரி வந்து மலையை அளந்ததிலிருந்து. அப்புறம் 1845. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரங்க மேலே ரெண்டு வீடு கட்டினாங்க. அழகைப் பார்த்துக் கட்டலை. சமவெளியில் காய்ச்சலிலும் பேதியிலும் அவங்க ஆட்கள் வரிசையா செத்துக்கிட்டு இருந்தாங்க, உயிர் பிழைக்க ஏறினாங்க.

ஏறினது எங்க பக்கம்தான். 1875-ல் ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்குவாங்க (இன்னைக்குக் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்). அங்கிருந்து மாட்டு வண்டியில் 30 மைலுக்கு மேல, பெரியகுளம் தாண்டி மலையடியில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரைக்கும். வண்டிமாடு பூட்டி ராத்திரி முழுக்க ஓட்டினாத்தான் விடியறப்ப வந்து சேரலாம். தோப்பிலிருந்து மேலே 12 மைல் வாக்கில் குதிரைப் பாதை. குதிரை ஏறத் தெரிஞ்சவன் குதிரையில் போனான். தெரியாதவங்களும், பெண்டு பிள்ளைகளும், நோயாளிகளும் டோலியில் போனாங்க. நாற்காலியை ரெண்டு மூங்கிலில் கட்டி ஆட்கள் முறை வெச்சுத் தூக்குவாங்க. சாமான் சட்டி சுமக்கிறவங்களுக்கு வெள்ளகெவி வழியா செங்குத்தா ஒரு பாதை. தூரம் குறைச்சல், முழங்கால் வலி ஜாஸ்தி. அதுக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரே கூலி காட், கூலிக்காரன் மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து டவுனுக்கு ஏற்றம் சுமார் 6,000 அடி. நம்ம ஆள் தலையில் மூட்டையோடு ஏறிட்டுத் திரும்பி வந்திருக்கான். பத்தலகுண்டு பக்கமிருந்து மோட்டார் ரோடு போக்குவரத்துக்கு வந்தது முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதுவரைக்கும், கிட்டத்தட்ட 70 வருஷம், மேலே போன ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியும் பியானோவும் இரும்புக் கட்டிலும் கீழேயிருந்து ஒருத்தன் தோளிலோ மாட்டு முதுகிலோ போனதுதான்.

இதை மனசில் வெச்சுக்கிட்டு இப்ப ஏரிக்கு வாங்க.

நட்சத்திர வடிவத்தில் 60 ஏக்கர் ஏரி. இயற்கை ஏரின்னு நினைச்சுத்தான் முக்கால்வாசிப் பேர் படகில் போறாங்க. அது ஒரு காலத்தில் ஓடையும் சதுப்பும்தான். 1863-ல் மதுரை கலெக்டராயிருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தேக்கினார். நம்ம பாஷையில் சொன்னா ஒரு கண்மாய் வெட்டினார். மீன் விட்டார். தூத்துக்குடியிலிருந்து முதல் படகையும் கொண்டு வந்தார்னு ஊர் வரலாறு சொல்லுது. இதைப் படிக்கறப்பெல்லாம் எனக்கு ஒரே யோசனை: 1863-ல் அம்மையநாயக்கனூருக்கு ரயிலே வரலை, மலைக்கு ரோடும் கிடையாது. தூத்துக்குடி உப்புத் தண்ணியில் கிடந்த படகு 7,000 அடி உயரத்துக்கு எப்படிப் போச்சு? வண்டியில் எவ்வளவு தூரம் வந்தாலும் கடைசியில் தோள்தான். தூக்கினவங்க பேர் எதுவும் எங்கேயும் இல்லை. லெவிஞ்ச் பேர் இருக்கு. அவர் வேலையைக் குறை சொல்லலை, நல்ல கரை, இன்னைக்கும் நிக்குது.

ஏரி கரை தாண்டி வழியற தண்ணிதான் கீழே வெள்ளி அருவி. கொடைக்கானல் போற பஸ் நிக்கிற இடம், 180 அடியிலிருந்து விழும், குரங்கும் மக்காச்சோளக் கடையும் இருக்குமே, அதேதான். அருவி இயற்கைதான், ஆனா அதில் எப்ப எவ்வளவு விழணும்னு தீர்மானிக்கிறது மேலே இருக்கிற கண்மாய்க் கரை.

1872-ல் கோக்கர் என்கிற ராணுவ லெப்டினென்ட் மலை விளிம்பை ஒட்டி ஒரு கிலோமீட்டர் நடைபாதை போட்டார். கோக்கர்ஸ் வாக். காலையில் மூடுபனி கீழே கிடந்து சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருந்தா, பனி மேல உங்க நிழலே பெரிசா விழும், தலையைச் சுத்தி வானவில் வளையம் தெரியும். சாமி படத்தில் இருக்குமே அதே மாதிரி. அவங்கவங்க கண்ணுக்கு அவங்கவங்க தலையைச் சுத்திதான் வளையம் தெரியும்கிறது அதிலே வேடிக்கை. பனி விலகினா கீழே வைகைச் சமவெளி பூரா தெரியும். பெரியகுளம் கண்மாய்கள் கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்கும்.

விவசாயிகளுக்குன்னே ஒரு இடம் அங்க இருக்கு, ஆனா நம்ம ஆட்கள் யாரும் அதைப் பார்க்கப் போறதில்லை. சூரிய ஆராய்ச்சிக் கூடம். 1876-78 தாது வருஷப் பஞ்சம் மதராஸ் மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்களைக் கொன்னுச்சு. எங்க அப்பத்தா வரைக்கும் 'தாது வருஷம்'னு சொன்னா குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாங்க. மழை ஏன் பொய்க்குது, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கான்னு கண்டுபிடிக்கணும்கிற எண்ணம் அந்தக் காலத்துப் பஞ்சங்களுக்குப் பிறகுதான் அரசாங்கத்தில் வலுத்தது. அதிலிருந்து 1899-ல் கொடைக்கானலில் கூடம் வந்தது. மோட்டார் ரோடு வராத காலம், தொலைநோக்கியும் கண்ணாடிகளும் எந்த வழியா போயிருக்கும்னு திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை. 1909-ல் எவர்ஷெட் என்கிற விஞ்ஞானி சூரியப் புள்ளிகளைச் சுத்தி வாயு வெளிப்பக்கமா ஓடுறதை அங்கிருந்துதான் கண்டுபிடிச்சார். உலகமே அவர் பேரில் சொல்லுது. நூறு வருஷத்துக்கு மேல சூரியனைப் படம் பிடிச்சு வெச்சிருக்காங்க. மழை எப்ப வரும்கிறதை மட்டும் நாம இன்னும் ரேடியோவிலும் செல்போனிலும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்.

தண்ணிக் கணக்குக்கு வர்றேன். மலையில் இயற்கையா இருந்தது ரெண்டு. மேட்டில் புல்வெளி. மடிப்பில், ஓடை பிறக்கிற இடத்தில், குட்டையான மரங்கள் நெருங்கின சோலைக்காடு. உலகம் பூரா விஞ்ஞானிகள் ஷோலான்னு எழுதற சொல் நம்ம சோலைதான். புல்லும் சோலையும் மழையைப் பஞ்சு மாதிரி குடிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா விடும். அதனாலதான் கோடையிலும் ஓடையில் ஈரம் இருந்தது. வெள்ளைக்காரன் புல்வெளியை வெறும் நிலம்னு நினைச்சான். விறகுக்குத் தைலமரம், தோல் பதனிடற பட்டைக்கு வாட்டில், அப்புறம் பைன். சுதந்திரத்துக்குப் பிறகு நம்ம அரசாங்கமும் நிறுத்தலை, இன்னும் வேகமா நட்டுச்சு. இன்னைக்குக் கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிற பைன் காடு அப்படி நட்ட காடுதான். கீழே பாருங்க, சருகைத் தவிர பச்சை அதிகம் இருக்காது. புல் இருந்த இடத்தில் தைலமரமும் வாட்டிலும் நின்னா அது குடிக்கிற தண்ணி ஓடைக்குக் குறையும். ஓடைக்குக் குறைஞ்சா கும்பக்கரைக்குக் குறையும். பாம்பாறு மேலே சோலையில் பிறந்து கும்பக்கரை அருவியா இறங்கித்தான் எங்க பக்கம் வருது. பேரிஜம் ஏரியும் அப்படித்தான். சுற்றுலா வர்றவங்களுக்கு வனத்துறை அனுமதிச்சீட்டு வாங்கிப் பார்க்கிற அழகான இடம். பெரியகுளம் டவுனுக்கு அது குடிதண்ணி.

கடைசியா டால்பின் மூக்கு. வட்டக்கானலிலிருந்து இறங்கினா பள்ளத்துக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கிற ஒத்தைப் பாறை. எல்லாரும் அதன் நுனியில் நின்னு படம் எடுத்துட்டுத் திரும்பிடறாங்க. திரும்பாம இன்னும் கீழே நடந்தா அதுதான் வெள்ளகெவிக்குப் போற பழைய பாதை, கூலி காட். வெள்ளகெவியில் ஊரே கோயில் மாதிரி, செருப்புப் போட்டு நடக்க மாட்டாங்க. காபியும் பட்டர் ஃப்ரூட்டும் விளையுது. விளைஞ்சதை ரோடு இல்லாம குதிரையில் ஏத்தித்தான் காலங்காலமா வெளியே கொண்டு வந்தாங்க. இன்னும் கீழே சின்னூர், பெரியூர். மழைக்காலத்தில் ஆத்தில் வெள்ளம் வந்தா, உடம்பு சரியில்லாதவங்களை டோலி கட்டித் தூக்கிட்டு வர்ற படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க. துரைமாருக்குக் கட்டின அதே டோலி. துரைமார் ரோடு போட்டுக் காரில் ஏறி நூறு வருஷம் ஆச்சு. தூக்கினவங்க ஊரில் இன்னும் தூக்கிக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு தேர்தலிலும் ரோடு பத்திப் பேச்சு வரும், அளவெடுக்க ஆள் வருவாங்க. கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்தி மூங்கிலில் தொங்கிக்கிட்டு ஆத்தைக் கடக்கறதை நினைச்சுப் பார்த்தா, டால்பின் மூக்கில் நின்னு எடுத்த படத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

வர்றவங்க வாங்க. கோக்கர்ஸ் வாக்குக்கு ஏழு மணிக்கு முன்னாடி போயிடுங்க. கீழே நடந்து இறங்கணும்னு ஆசை இருந்தா வனத்துறையில் கேட்டுட்டு, உள்ளூர் ஆள் ஒருத்தரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கிட்டு, காலையிலேயே கிளம்புங்க. ஏறறதை விட இறங்கறதுதான் முழங்காலுக்குக் கஷ்டம். வெள்ளகெவி எல்லை வந்ததும் செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கங்க.