55 × 4½ × 35: ஒரு வரிக்கு உரை

மூலம்:
வலக்கை. பிஏபி: 5¼ வலம், ½ மேல்.
55 × 4½ × 35.

அமெரிக்க பௌலிங் கூடங்களை ஒட்டியிருக்கும் புரோ ஷாப்களில், புதுப் பந்தைத் துளையிடும் முன் சீட்டில் எழுதிக்கொள்வது ஏறக்குறைய இவ்வளவுதான். மால்களில் வாடகைப் பந்தை உருட்டிப் பழகியவர்களுக்குப் பந்து என்றாலே மூன்று துளையோடு வருவது. போட்டிக்கு ஆடுகிறவர் விலை கொடுத்து வாங்கும் பந்தில் துளையே இருக்காது. அதன் உள்ளே, சாதாரணக் கோளமாக இல்லாமல், வேண்டுமென்றே ஒழுங்கு குலைத்து வடித்த கனமான உட்கரு ஒன்று இருக்கும். விரல் துளைகளை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்து அந்த உட்கரு எந்தச் சாய்வில் சுழலத் தொடங்கும் என்பது முடிவாகிறது. முடிவைக் கடைக்காரரிடமே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் தன் பந்து ஏன் இந்த இடத்தில் திரும்பியது என்று அறிய விரும்பும் ஆட்டக்காரர், இந்த வரியைப் படிக்கவும் பந்தின் மேல் தானே வரையவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். துளையிடும் இயந்திரம் வேறு தொழில். அதைக் கடையிலேயே விடலாம்.

மூன்று எண்களாக எழுதும் இந்த முறைக்கு இரட்டைக் கோண முறை என்று பெயர். உட்கரு வடிவமைப்பில் ஊறித் திளைத்த மோ பினெல் உருவாக்கியது. அவர் 2021இல் மறைந்தார். அவருடைய மூன்று எண்கள் கடை தோறும் புழங்குகின்றன.

"வலக்கை" என்பதில் சொல்ல அதிகமில்லை. இடக்கைக்காரருக்கு எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பும்.

"பிஏபி: 5¼ வலம், ½ மேல்." கற்க வருகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் மூலத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பந்து கையை விட்டுப் புறப்படும் கணத்தில் ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்கிறது. அந்த அச்சு பந்தின் மேற்பரப்பைத் தொடும் புள்ளிதான் பிஏபி. அது பந்துக்குச் சொந்தமானதல்ல, கைக்குச் சொந்தமானது. மணிக்கட்டு எப்படி வளைகிறது, விரல்கள் எந்தப் பக்கமாக வெளியேறுகின்றன என்பதை வைத்து ஆளுக்கு ஆள் மாறும். இன்னொருவருடைய புகழ்பெற்ற எண்களை அப்படியே உங்கள் பந்தில் போட்டால், கோடுகள் ஒன்றாக இருந்தாலும் துளைகள் உங்கள் கைக்குப் பொருந்தாத இடத்தில் போய் நிற்கும்.

அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. லேனில் பூசியிருக்கும் எண்ணெய், திரும்பி வரும் பந்தின் மேல் வளையமாகப் பதிந்திருக்கும். உருளும்போது அச்சு நகர்வதால் வளையங்கள் ஒன்றை ஒன்று விலகி, இரண்டு இடங்களில் மட்டும் கூடும். கையை விட்டவுடன் பதிந்த முதல் வளையத்தை மெழுகுப் பென்சிலால் முழுச் சுற்றும் வரைய வேண்டும். அந்த வளையத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சம தூரத்தில், வலப்புறம் விழும் புள்ளியே நாம் தேடுவது. ஒற்றைக் கட்டையை வீழ்த்த வைத்திருக்கும் பிளாஸ்டிக் பந்தில் வளையங்கள் அதிகம் விலகாது. அதில் அளந்தால் வேலை எளிது. பிறகு அந்தப் புள்ளியில் வெள்ளை டேப் துண்டு ஒன்றை ஒட்டி உருட்டி, நண்பர் ஒருவரைக் கைபேசியில் மெதுவாக ஓடும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். புறப்படும் கணத்தில் டேப் நின்ற இடத்திலேயே சுழன்றால் புள்ளி சரி. சிறு வட்டம் போட்டுத் தள்ளாடினால் சற்று நகர்த்தி ஒட்டி மீண்டும் பார்க்க வேண்டும். சரியானபின், விரல் துளைகளுக்கும் கட்டைவிரல் துளைக்கும் நடுவே இருக்கும் பிடிமையத்திலிருந்து, அதன் குறுக்கே இடவலமாக ஓடும் நடுக்கோட்டின் வழியே வலப்பக்கம் எத்தனை அங்குலம், அங்கிருந்து மேலே எத்தனை என்று அளந்து எழுதிக்கொள்ளலாம்.

இனி இரண்டாம் வரி. எழுதியிருக்கும் வரிசையை விட்டு நடு எண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அதற்கு அடங்கியவை.

"4½." புதுப் பந்தில் வண்ணப் பொட்டு ஒன்று இருக்கும். உட்கருவின் உச்சி எங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளம் அது; அதைப் பின் என்பார்கள். பின்னுக்கும் பிஏபிக்கும் இடையே உள்ள தூரம் இந்த 4½ அங்குலம். பந்தின் சுற்றளவு சுமார் 27 அங்குலம் என்பதால் அதில் கால் பங்கு 6¾. தூரம் 0 ஆக இருந்தாலும் 6¾ ஆக இருந்தாலும் உட்கரு, செங்குத்தாக நிற்கும் பம்பரம்போல, அலையாமல் சுழலும். அச்சு அதிகம் நகராது. இரண்டுக்கும் நடுவில், 3⅜ அங்குலத்தில், உட்கருவுக்கு நிலைகொள்ளாமை மிக அதிகம். அப்போது அச்சு வேகமாக நகர்ந்து ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பை லேனில் பதிக்கும், பிடிப்பு கூடும். 4½ அந்த உச்சத்தைத் தாண்டிச் சற்று அமைதியான பக்கம் நிற்கிறது. கற்பவருக்கு இது நல்ல தொடக்கம். பந்து திரும்பவும் செய்யும், கட்டுக்குள்ளும் இருக்கும்.

"55." பின்னிலிருந்து இரண்டு கோடுகள் புறப்படுகின்றன: ஒன்று பிஏபிக்கு, மற்றொன்று எடை ஒதுங்கிய பக்கத்தைக் காட்டும் குறிக்கு. இரண்டுக்கும் நடுவிலுள்ள துளைக்கோணம் 55 பாகை. கோணம் சிறியதானால் பந்து சீக்கிரமே திரும்பத் தொடங்கும், பெரியதானால் தாமதிக்கும். இந்த விளைவை உட்கரு சமச்சீரில்லாத பந்தில் தெளிவாகக் காணலாம். சமச்சீர் உட்கருவில் அப்படி ஒரு வலுவான குறியே இல்லை. ஈர்ப்பு மையத்தை வைத்து அளக்கிறோம், பலன் குறைவு. அத்தகைய பந்தில் 50ஆ 55ஆ என்று மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

"35." பிஏபி வழியாக மேலும் கீழுமாக ஓடுவது செங்குத்து அச்சுக்கோடு. அதற்கும் பின்–பிஏபி கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம் இது. கோணம் சுருங்கச் சுருங்கப் பின் மேலே ஏறும். பந்து திரும்பி நேர் உருளலுக்கு வருவது விரைவாகும், முனையில் வெட்டித் திரும்புவது தெரியும். 60, 70 என்று விரிந்தால் வளைவு நீண்டு மென்மையாகும். நம் மூலத்தின்படி வரைந்தால் பின், மோதிரவிரல் துளைக்கு மேலே சற்று வலப்புறமாக விழும்.

வரையும் வரிசை இது. பந்தை ஒரு கிண்ணத்தின் மேல் வையுங்கள். பின்னிலிருந்து குறி வழியாக ஒரு கோடு. பின்னில் வளைந்த கோணமானியை வைத்து 55 பாகை தள்ளி அடுத்த கோடு. அதில் 4½ அங்குலத்தில் பிஏபி. அங்கே 35 பாகையில் செங்குத்து அச்சுக்கோடு. பிஏபி நடுக்கோட்டுக்கு ½ மேலே இருப்பதால், அச்சுக்கோட்டில் ½ அங்குலம் கீழே இறங்கி, அங்கிருந்து செங்குத்தாக இடப்பக்கம் 5¼ போனால் பிடிமையம். நடுக்கோடும், விரல்களிலிருந்து கட்டைவிரலை நோக்கி ஓடும் மையக்கோடும் அங்கே வெட்டிக்கொள்ளும். தட்டைத் தாளில் பழகிய கண் கோளத்தின் மேல் ஏமாறும். வளைவளவுகோல் பந்தின் மேல் முழுக்கப் படிந்திருக்க வேண்டும்.

மூலம் சொல்லாமல் விட்டவையும் உண்டு. விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையிலான ஸ்பான், துளைகளின் சாய்வு ஆகியவை தனிச் சீட்டில் இருக்கும். அவை தவறினால் கை நோகும், மற்ற எல்லாம் வீண். பழைய குறிப்புகளில் நான்காவதாக எடைத் துளை ஒன்று வரும். அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி 2020 ஆகஸ்ட் முதல் அதைத் தடை செய்துவிட்டது. பிடிக்கப் பயன்படாத துளை எதுவும் கூடாது. எடை ஒரு பக்கம் சாய்வதற்கான வரம்பு 3 அவுன்ஸாகத் தளர்ந்தது. எடைத் துளையை நம்பி எழுதிய பழைய அறிவுரைகளை இன்று அப்படியே பின்பற்ற முடியாது.

மேலுறையைப் பற்றியும் மூலம் மௌனமாக இருக்கிறது. எண்ணெயைத் தொடுவது உட்கருவல்ல, மேலுறைதான். சொரசொரப்பாகத் தேய்த்த பந்து சீக்கிரம் பிடிக்கும், பளபளப்பாக்கியது நீளப் போகும். எந்தக் கோணமும் இதை முழுதாக மாற்றாது. பந்து பிடிக்கவில்லை என்றால் துளையை அடைத்து மறுபடி போடுவதற்கு முன், ஒரு தேய்ப்புத் தாளை எடுத்துப் பார்ப்பது நல்லது.

புதுப் பந்து வாங்கும் முன்பே இதைப் பழகலாம். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பந்துகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் பிஏபியைக் குறித்து, மூன்று எண்களையும் பின்னோக்கி அளந்து, அது லேனில் எப்படி நடந்துகொள்கிறது என்று பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அந்தத் தாளோடு புரோ ஷாப்புக்குப் போனால் துளையிடுபவரோடு பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.