காகிதப்பூவின் பெயர்களும் அதை வளர்த்த கைகளும்

ஏப்ரல் வெயிலில் தில்லிக்கோ நாகபுரிக்கோ சாலைவழிப் பயணம் செய்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். சாலையோரப் புல்லெல்லாம் கருகிக் கிடக்கும்; நடுத்திட்டில் ஒரு முட்புதர் மட்டும் இலையே தெரியாத அளவுக்குப் பூத்து நிற்கும். தமிழில் நாம் காகிதப்பூ என்று அழைக்கும் போகன்வில்லாதான் அது. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொதுவாக ஒரு பிரெஞ்சுக் கடலோடியின் பெயரில் தொடங்கிச் சில ஆங்கிலச் சீமாட்டிகளின் பெயர்களில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரிசை போதவில்லை. இந்தியத் தோட்டங்களில் உள்ள காகிதப்பூ வகைகளில் பெரும்பாலானவை விதை வைப்பதில்லை. வைத்தாலும் மிக அரிது. விதையில்லாத செடி தானாக ஊர்விட்டு ஊர் போகாது. யாரோ ஒருவர் கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றி, அது வேர் பிடிக்கும்வரை காத்திருந்தால்தான் அடுத்த செடி உண்டு. இன்று நாம் காணும் ஒவ்வொரு புதரும் இவ்வாறு கைமாறி வந்த ஒரு கிளையே. அந்தக் கைகளைப் பற்றிப் பெயர்ப்பலகைகள் பேசுவதில்லை.

கதை பிரேசிலில் தொடங்குகிறது. 1767இல் லூயி அந்துவான் தெ பூகன்வில் நடத்திய உலகப் பயணத்தின் கப்பல்கள் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, தாவரவியலாளர் பிலிபேர் கொம்மெர்சோன் இச்செடியைத் தொகுத்துத் தலைவரின் பெயரை அதற்குச் சூட்டினார். அவருக்கு உதவியாளராக ஆணுடையில் கப்பலேறியவர் ஜான் பாரே என்ற பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்களில் பெண்களுக்கு அக்காலத்தில் இடமில்லை. கொம்மெர்சோனுக்குக் காலில் புண் இருந்தது, நடக்கவே சிரமப்பட்டார். ஆகவே ரியோவில் மலையேறி இக்கிளையைப் பறித்தவர் பாரேயாகவே இருக்கக்கூடும் என்று இன்றைய ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சான்று உறுதியானதன்று, ஆயினும் சுமை தூக்கியவர், தட்டுகளில் மாதிரிகளை அழுத்தி வைத்தவர் யார் என்பதில் ஐயமில்லை. பேரினத்தின் பெயர் 1789இல் ழூசியூவின் நூலில் அச்சேறியது. பாரேயின் பெயரைத் தாங்கிய ஒரு செடி தாவரவியலில் இடம்பெற 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது காகிதப்பூவன்று, தென்னமெரிக்காவில் வளரும், கத்தரிக்காய் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. நாம் பூவென்று பார்க்கும் வண்ணத் தாள்கள் பூவல்ல, பூவடிச் செதில்கள். மூன்று செதில்களுக்கு நடுவே மூன்று மெல்லிய குழல்கள் இருக்கும். பெரும்பாலும் வெண்மையாக வாய்திறக்கும் அவையே மெய்யான பூக்கள். செதில்களின் செந்நிறத்துக்குக் காரணம் பீட்ரூட்டைச் சிவக்கவைக்கும் அதே நிறமிக் குடும்பம். நம் அந்திமந்தாரையும் சாலையோரத்து மூக்கிரட்டையும் இதற்கு உறவினர்கள். அயல்நாட்டுச் செடியே ஆனாலும் குடும்பத்தாரை நாம் முன்பே அறிவோம்.

இந்தியாவுக்கு இது 1860ஆம் ஆண்டளவில் கல்கத்தா வழியாக வந்தது என்பது தோட்டக்கலை நூல்கள் தரும் செய்தி. அந்நகரில் வில்லியம் கேரி 1820இல் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பின்னாளில் இச்செடியின் பெரிய நாற்றங்காலாயிற்று. கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு தோட்டத்தில் பட் என்ற அம்மையார் கண்டெடுத்து டிரினிடாடுக்குக் கொண்டுபோன கருஞ்சிவப்பு வகை ‘மிசஸ் பட்’ என்ற பெயரோடு கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தது. அந்த வகையின் ஒரு கிளையில் 1949இல் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து பூத்தன. தாய்ச்செடியிலிருந்து ஒரு கிளை மட்டும் இயல்பு மாறுவதைத் தோட்டக்கலையினர் மொட்டுப் பிறழ்வு என்பர். அக்கிளையைப் பிரித்து வளர்த்து ‘மேரி பால்மர்’ என்று பெயரிட்டார்கள். நாடு விடுதலை பெற்று ஈராண்டு கழிந்தும் பெயர் சூட்டும் பழக்கம் மாறவில்லை.

மொட்டுப் பிறழ்வு என்பது அறிவிப்போடு வருவதன்று. நூற்றுக்கணக்கான கிளைகளில் ஒன்று நிறம் மாறியிருப்பதை முதலில் காணக்கூடியவர் நாள்தோறும் அச்செடிக்கு நீரூற்றிக் கவாத்து செய்யும் மாலிதான் என்பது என் ஊகம். அவர் கவனியாமல் கத்தரியை வைத்திருந்தால் அந்த வகையே இல்லை. வெட்டாமல் விட்டதும் ஒரு கண்டுபிடிப்புத்தான்.

மாலிகளின் அறிவு வேறோர் இடத்திலும் தெரிகிறது. காகிதப்பூவை அன்போடு வளர்ப்பவர்கள் பலரும் நாள்தோறும் நீரூற்றி, எரு இட்டு, அடர்ந்த பச்சைப் புதரைப் பெற்று, பூவே இல்லையென்று வருந்துகிறார்கள். செடி செழிப்பாக இருப்பதே அங்குக் குறை. வட இந்தியத் தோட்டங்களில் மழைக்காலம் முடிந்ததும் நீரை நிறுத்தி, இலைகள் சற்றே தொய்யும்வரை விட்டுவைத்து, அதன் பிறகே ஒருமுறை வேர்வரை நனைய ஊற்றுவார்கள். அந்தத் தாகம் செடியை இலையிலிருந்து பூவுக்குத் திருப்புகிறது. தழைச்சத்து மிகுந்த உரம் கூடாது; மட்கிய தொழு உரமும் சிறிது எலும்புத்தூளும் போதும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் எத்தனை ஆண்டுகள் வைத்தாலும் முள்தான் மிஞ்சும். புதுத் தளிர்க்கிளையில்தான் பூக்கும் என்பதால் ஒவ்வொரு பூப்புக்குப் பிறகும் நுனிகளைக் கழிக்க வேண்டும். வேர்கள் நொய்ம்மையானவை, தொட்டி மாற்றும்போது மண்கட்டியை உடைப்பவர்கள் செடியை இழப்பார்கள். இலைகளில் வெண்திட்டு உள்ள வகைகளில் திடீரென முழுப்பச்சைக் கிளை எழும்பினால் அதை அடியோடு வெட்ட வேண்டும். பச்சைக்கிளை வலியது, விட்டால் ஓரிரு ஆண்டுகளில் மற்றதை மூடிவிடும். ஒரு வகையின் பெயர் நிலைத்திருப்பது இப்படி ஆண்டுதோறும் யாரோ ஒருவர் கத்தரியோடு அதைக் காவல் காப்பதால்தான்.

பெயர்கள் மாறத் தொடங்கியது இலக்னோவில். அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் சிக்கந்தர் பாகில் அமைந்திருக்கிறது. நவாப் வாஜித் அலி ஷா தம் துணைவியின் பெயரில் எழுப்பிய தோட்டம் அது. அங்குப் பணியாற்றிய கோஷூ முதலிய அறிஞர்கள் காகிதப்பூ ஏன் மலடாயிருக்கிறது என்று குரோமோசோம் அளவில் ஆராய்ந்தனர். கோல்சிசின் என்னும் நஞ்சால் குரோமோசோம்களை இரட்டித்துச் சில கலப்பினங்களுக்கு மீண்டும் கருவுறும் ஆற்றலை அளித்தனர். (நம் செங்காந்தளிலும் உள்ள அதே நஞ்சு.) அந்நிறுவனத்தின் வகைகளுக்குச் ‘சித்ரா’, ‘வாஜித் அலி ஷா’, ‘பேகம் சிக்கந்தர்’ என்று பெயர்கள் அமைந்தன. 1856இல் அரசிழந்து கல்கத்தாவின் மட்டியாபுர்ஜுக்குப் போன நவாப் ஊர் திரும்பாமலே 1887இல் அங்கு இறந்தார். அவர் பெயர் ஒரு பூவாகத் தம் தோட்டத்துக்குத் திரும்பியது என்று சொல்ல ஆசை வருகிறது.

ஆனால் அத்தோட்டத்தின் கணக்கு அதோடு முடிவதில்லை. 1857 நவம்பரில் ஆங்கிலேயப் படை அதன் மதிலை உடைத்து நுழைந்தபோது உள்ளே இறந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 2000 பேர். அவர்களுள் நாம் பெயர் சொல்லி அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஆணுடையில் மரத்தின் மேலிருந்து சுட்டு, இறந்த பிறகே பெண் என்று அறியப்பட்டவராக நினைவுகூரப்படும் ஊதா தேவிக்கு அங்கே சிலை இருக்கிறது. சிக்கந்தர் பாகைப் பற்றி எழுதும்போது நவாபையும் பேகத்தையும் பூக்களில் கண்டு மகிழ்ந்துவிட்டு இவர்களைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை.

உலகெங்கும் புதிய காகிதப்பூ வகைகளின் பெயர்களைப் பதியும் பன்னாட்டுப் பொறுப்பு 1966 முதல் தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. பிரேசிலில் பறிக்கப்பட்ட செடிக்குத் தில்லியில் பதிவேடு! அந்நிறுவனத்தின் இயக்குநராயிருந்த பி. பி. பால் கோதுமைக்கும் ரோஜாவுக்கும் அடுத்தபடியாக இச்செடியின்மேல் பற்றுக்கொண்டவர். விஷ்ணு ஸ்வரூப்புடன் சேர்ந்து இதைப் பற்றி நூலும் எழுதினார்.

பதிவேட்டுக்கு வெளியே மக்கள் இட்ட பெயர்கள் எனக்கு இன்னும் சுவையானவை. வங்காளத்தில் இது ‘பாகான்பிலாஸ்’. பாகான் என்றால் தோட்டம். பிலாஸ் என்றால் களிப்பு. தாகூர் இட்ட பெயர் என்று பலரும் சொல்வதுண்டு. மராத்தியில் ‘போகன்வேல்’, வேல் என்றால் கொடி. பூகன்வில் என்ற அதே ஒலியில் வங்காளி தோட்டத்தைக் கேட்டார், மராத்தியர் கொடியைக் கேட்டார். தமிழர் ஒலியை விட்டுவிட்டுக் கையில் தொட்டுப் பார்த்துக் காகிதம் என்றார். மூன்றிலும் கடலோடி மறைந்துவிட்டார்.

வளர்க்க விரும்புவோர் நாற்றுப் பண்ணைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பூப்பு முடிந்து கவாத்து நடக்கும் நாளில் வெட்டிக் குவித்த கிளைகளில் பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கிளையாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இலைகளை நீக்கி, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணுக்கள் புதையும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள். இரண்டு மாதம்வரை பொறுக்க வேண்டும்; தளிர் வந்துவிட்டதே என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. சில வகைகள் போத்தில் வேர் விடத் தயங்கும். அவற்றுக்குப் பதியம் போடுவதே வழி. கிளையைத் தந்தவரிடம் அவர் அதை எங்கிருந்து கொண்டுவந்தார் என்றும் கேட்டு, தொட்டியின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.